கவுன்ட்டர் பதினொன்றுக்கு மூடப்படும்: ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இடைவேளை

கோத்தகிரிப் பக்கம் உள்ள அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவதுதான் அதன் தொழில். நீலகிரியில் இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் ஏராளம். நிர்வாகம் என்னை அழைத்தது இடைவேளையைப் பற்றிப் பேச அல்ல, கணக்குப் பிழைகளைப் பற்றிப் பேச. எடையைப் பதிவேற்றும்போது 86 கிலோ 68 ஆகிவிடுகிறது. ஒருவருடைய வரவு அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுகிறது. உர முன்பணப் பிடித்தம் இரண்டு முறை விழுகிறது. பட்டுவாடா நாளில் சீட்டைக் கையில் வாங்கும் விவசாயி கவுன்ட்டரிலேயே நின்று சத்தம் போடுகிறார். அவர் சத்தம் போடுவதில் தப்பே இல்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையில் ஒரு ரூபாய் ஏறாதா என்று காத்திருப்பவருக்குப் பதினெட்டு கிலோ காணாமல் போவது சின்ன விஷயமா?

மேலாளர் தம் அளவில் காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அலுவலகத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது, ஆளாளுக்கு டீ என்று எழுந்து போகிறார்கள், கவனம் சிதறுகிறது, பிழை வருகிறது. அதற்கு அவர் கண்ட மருந்து ஒரு நீளமான நோட்டு. வாசலருகே சங்கிலி போட்டு ஒரு பேனாவையும் கட்டிவைத்திருந்தார். பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம் என்று நான்கு பத்தி. ஆரம்பத்தில் காரணப் பத்தியில் 'டீ' என்று எழுதியிருந்தார்கள். பிறகு 'பாங்க்', 'தபால்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு பக்கங்கள் காலியாகவே இருந்தன. யாரும் வெளியே போகவில்லை. நோட்டு வெற்றி பெற்றுவிட்டதாக நிர்வாகம் நினைத்தது. பிழைகள் மட்டும் குறையவில்லை.

மேசை இழுப்பறையில் டீ

அலுவலகத்தில் ஐந்து பேர். மூத்த எழுத்தர் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே உள்ள ஓர் அம்மா. கணினியில் எடை பதிவேற்றும் இரண்டு இளம்பெண்கள். முன்பணம், கடன், உரம் இவற்றைப் பார்க்கும் ஒருவர். எடைக் கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர். காலை பத்து மணி முதல் மதியம்வரை விவசாயிகள் வந்துகொண்டே இருப்பார்கள். மதியத்துக்கு மேல் சேகரிப்பு நிலையங்களிலிருந்து லாரிகள் வரத் தொடங்கும். அவற்றோடு எடைச் சீட்டுகளும் கட்டுக்கட்டாக வரும். மழையில் நனைந்த சீட்டு, சுருண்ட சீட்டு, கார்பன் நகல் மங்கிய சீட்டு என எல்லாவற்றையும் மாலை பஸ்ஸுக்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும்.

மூத்த எழுத்தர் டீ குடிக்கும் விதத்தைச் சொன்னாலே அலுவலகத்தின் நிலவரம் புரிந்துவிடும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். டம்ளரை மேசைமேல் வைக்கமாட்டார். இழுப்பறையைப் பாதி திறந்து, சீல் வைக்கும் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். ஒரு வரியைப் பதிந்துவிட்டு ஒரு வாய் குடிப்பார். கவுன்ட்டரில் தலை தெரிந்தால் முழங்காலால் இழுப்பறையை மெல்லத் தள்ளிவிடுவார். டீ ஆறி, மேலே பாலாடை படர்ந்து, அதை விரலால் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குடிப்பார். ஒரு டம்ளர் டீயை முக்கால் மணி நேரம் குடித்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் ஓய்வெடுத்தார் என்று சொல்ல முடியாது, முழுக் கவனத்தோடு வேலை செய்தார் என்றும் சொல்ல முடியாது.

"ஏன் அம்மா, வெளியே போய் நிம்மதியாகக் குடித்துவிட்டு வரலாமே?" என்று கேட்டேன். "போகலாம் சார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் கால் கடுக்க நிற்கும்போது நான் போய் டீ குடித்தால் நன்றாகவா இருக்கும்? திரும்பி வந்தாலும் இதே கட்டு இங்கேயேதான் இருக்கும். வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

இந்த ஆய்வுக்கு வேண்டியது எல்லாம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் அதே வளாகத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

இயந்திரக் கூடத்தில் காலையிலும் பிற்பகலிலும் சங்கு ஊதும். ஊதியதும் சலிக்கும் அறையிலிருந்து பெண்கள் வெளியே வருவார்கள். தலையில் கட்டிய துணியை அவிழ்த்து உதறினால் தேயிலைத் தூசி பழுப்பாகப் பறக்கும். மூக்கையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, கிழக்குப் பக்கத் திண்டில் வெயில் விழும் இடம் பார்த்து வரிசையாக உட்காருவார்கள். டீயும் வர்க்கியும் வரும். ஊர்ச் சண்டை, பிள்ளைகளின் பரீட்சை, யாருடைய மாமியார் யாரை என்ன சொன்னார் என்று பேச்சு ஓடும். தொழிற்சாலையைப் பற்றி ஒரு சொல் வராது. மேலாளர் அந்த வழியாக நடந்து போவார், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

சம்பளத்தில் இவர்கள் அலுவலகத்தாரைவிடக் கீழே. படிப்பு குறைவு, வேலை கடினம், அதிகாரம் துளியும் இல்லை. ஆனாலும் இவர்களுடைய கால் மணி நேரம் முழுக்க முழுக்க இவர்களுடையது. அலுவலகத்தில் இருப்பவர்கள் நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம், எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை. அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூடச் சொந்தமாக இல்லை.

இதற்குக் கூடத்தில் இருப்பவர்களின் துணிச்சல் காரணம் அல்ல. உலர்த்தும் இயந்திரம்தான் காரணம். நூறு டிகிரியைத் தொடும் வெப்பக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் ஆள் இல்லாமல் போனால் தூள் கருகிவிடும். நொதிக்கப் பரப்பிய இலையைக் கணக்காக எடுக்காவிட்டால் டீயின் நிறமும் காரமும் கெட்டுவிடும். ஆகவே ஒருவர் டீ குடிக்கப் போக வேண்டும் என்றால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும். அவரை அங்கே மாற்றாள் என்கிறார்கள். எந்த வரிசையில் யார் முதலில் போவது, யார் பின்னால் போவது என்பதெல்லாம் டீமேக்கரின், அதாவது தூள் தயாரிப்பைக் கவனிக்கும் பொறுப்பாளரின், தலையில் பாடமாக இருக்கிறது. இடைவேளையை ஒழுங்காக அமைத்துக் கொடுத்தது நிர்வாகத்தின் கருணை அல்ல, இயந்திரத்தின் பிடிவாதம்.

அலுவலகத்தில் எதுவும் கருகாது. சீட்டுக் கட்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பொறுமையாகக் காத்திருக்கும். அதனால் மாற்றாள் என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை. வேலையை விட்டு எழுந்தவருடைய வேலை, அவருக்காகவே அங்கே உட்கார்ந்திருந்தது.

குற்றவுணர்வு எங்கே உட்கார்ந்திருக்கிறது

இந்த மாதிரி இடங்களில் பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர்கள் பொதுவாகச் சொல்வது ஒன்று உண்டு. குற்றவுணர்வை விட்டுவிடுங்கள், உங்கள் மீது அன்பு காட்டுங்கள், ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள் என்பார்கள். எனக்கு இதில் பொறுமை கிடையாது. அந்த அம்மாவின் குற்றவுணர்வு அவர் மனத்தின் கோளாறு அல்ல. எதிரே நான்கு பேர் நிற்கிறார்கள் என்பது உண்மை. வேலையை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் உண்மை. அவர் எழுந்தால் அந்தச் சுமை பக்கத்து மேசைப் பெண்ணின் தலையில் விழும் என்பதும் உண்மை. மனசாட்சி உள்ள எவருக்கும் அந்த நிலையில் டீ இறங்காது. அந்த மூன்று உண்மைகளையும் அப்படியே வைத்துவிட்டு, மனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வது நியாயமே இல்லை.

இதற்கு மேல் நோட்டு வேறு. நோட்டு வருவதற்கு முன் டீ குடிக்கப் போவது ஒரு பழக்கம். நோட்டு வந்த பிறகு அது விளக்கம் சொல்ல வேண்டிய ஒரு செயலாகிவிட்டது. பெயரோடும் நேரத்தோடும் காரணத்தோடும் எழுதிவைக்க வேண்டிய ஒன்றை யாரும் உரிமையாக நினைக்க மாட்டார்கள். உதகைக் கடைவீதியில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நாற்காலிகள் வந்துவிட்டன. ஆனால் கல்லாவில் முதலாளி இருக்கும்வரை அவற்றில் உட்காரத் தயங்குகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உட்காரலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது, உட்கார்ந்தால் என்ன நினைப்பார்களோ என்பது கடையில் இருக்கிறது.

குற்றவுணர்வோடு எடுக்கும் ஓய்வு ஓய்வாகுமா என்ற கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ராயினெக்கெ, ஹார்ட்மன், ஈடன் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்ப்பவர்களையும் கணினி விளையாட்டு விளையாடுபவர்களையும் பற்றியது. மிகவும் களைத்துப் போனவர்கள்தான் அந்தப் பொழுதுபோக்கை 'வேலையைத் தள்ளிப்போடுவது' என்று அதிகம் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்களுக்குக் குற்றவுணர்வு வந்தது, அதனால் அந்த ஓய்விலிருந்து கிடைக்க வேண்டிய தெம்பு குறைந்தது. அதாவது ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகப் பயன்படுகிறது. இழுப்பறையில் ஆறும் டீயை நேரில் பார்த்தவனுக்கு இது ஆச்சரியம் தராது.

பிழை எப்போது வருகிறது என்பதையும் பார்த்தோம். திருத்தக் கோரிக்கை வந்த சீட்டுகளை எடுத்துப் பதிவேற்றிய நேரத்தோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை மாலை நேரப் பதிவுகள். அதுவும் நெடுநேரம் யாரும் எழாமல் உட்கார்ந்திருந்ததன் கடைசிப் பகுதி. 2003இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு இங்கே பொருந்துகிறது. கார் தயாரிக்கும் ஆலை ஒன்றின் விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். இடைவேளைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் தொடர்ந்து வேலை. அதன் முதல் அரை மணி நேரத்தைவிடக் கடைசி அரை மணி நேரத்தில் விபத்து அபாயம் சுமார் இரு மடங்கு. இடைவேளை முடிந்து வந்ததும் மறுபடி கீழே இறங்கிவிடுகிறது. அங்கே விரல் நசுங்கும், இங்கே 86 என்பது 68 ஆகும். கண்ணும் கையும் தளரும் விதம் ஒன்றுதான்.

மேலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "நான் யாரையும் கட்டிப்போடவில்லையே. வேண்டும்போது எழுந்து போகட்டும். நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான்" என்றார். நல்ல மனிதர். வேண்டும்போது போகலாம் என்பதைப் பெரிய சலுகையாகவே நம்பினார். சிக்கல் அந்த 'வேண்டும்போது' என்பதில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் போகலாமா வேண்டாமா என்று ஊழியர் தானே முடிவு செய்ய வேண்டும், தானே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும், தானே கூட்டத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். சங்கு ஊதினால் முடிவு செய்ய வேண்டியவர் யாருமில்லை.

என்ன மாற்றினோம்

முதலில் நோட்டை எடுத்தார்கள். அதற்கு நிர்வாகத்துக்குள் சில வாரங்கள் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தை இங்கே விவரித்துப் பயனில்லை.

பிறகு கவுன்ட்டரை மூடும் நேரம் குறிக்கப்பட்டது. காலை 11 மணிக்கு இருபது நிமிடம், பிற்பகல் 2.45க்கு பதினைந்து நிமிடம். வாசலில் பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலும் அதே நேரத்தை எழுதி ஒட்டினார்கள். கூடத்துச் சங்கையே அலுவலகத்துக்கும் பயன்படுத்தலாமா என்று பார்த்தோம். கூடத்தின் நேரம் வேறு, ஒத்துவரவில்லை. பழைய மின்மணி ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார்கள். மணி அடித்ததும் ஐந்து பேரும் எழுந்தாக வேண்டும் என்பது விதி. விரும்பினால் எழலாம் என்று வைத்திருந்தால் மூத்த எழுத்தர் எழவே மாட்டார், அவர் எழாவிட்டால் இளையவர்கள் எழ மாட்டார்கள். மரியாதை தெரிந்த எந்த அலுவலகத்திலும் இதுதான் நடக்கும்.

விவசாயிகள் கொதிப்பார்கள் என்று மேலாளர் பயந்தார். முதல் நாள் சலசலப்பு இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஹட்டி எனப்படும் படகர் ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பலகையைப் படித்துவிட்டு, "இதை முன்பே எழுதி வைத்திருந்தால் நான் பதினொன்றரைக்கே வந்திருப்பேனே. நாங்களும் அந்த நேரத்தில்தான் ஒரு டீ குடிப்போம்" என்றார். காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாததுதான் அவர்களை எரிச்சல் படுத்தியிருந்தது. மூடும் நேரம் தெரிந்த கவுன்ட்டரை யாரும் திட்டவில்லை. திறந்திருக்கும் கவுன்ட்டரில் ஆள் இல்லாவிட்டால்தான் திட்டு. வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடைக்காரருக்கு வியாபாரம் கூடியது தனிக் கதை.

எடைக் கொட்டகையை மூட முடியாது. மூட்டையில் அடைத்த பச்சை இலை கொஞ்ச நேரத்திலேயே சூடேறிச் சிவந்துவிடும். லாரியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு மணி அடித்தது என்று சொல்ல முடியாது. அங்கே கூடத்தின் வழியையே எடுத்துக்கொண்டோம். எடை பார்க்கும் இளைஞர் போகும்போது அவர் இடத்தில் நிற்க ஒரு மாற்றாள். லாரி ஓட்டுநர்களில் ஒருவர் இதற்குப் பழக்கப்படுத்தப்பட்டார்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தராமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 55ஆவது பிரிவில் சொன்னது. தோட்டங்களுக்கான 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே அளவுதான் இருந்தது. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் இன்னும் தாராளம்: நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஒரு மணி நேர ஓய்வு. மதியச் சாப்பாட்டுக்கு இவை போதும். நான் பேசுகிற பதினைந்து, இருபது நிமிடம் இவற்றுக்கு நடுவில் விழுகிறது. அதை அந்தந்த இடத்தின் வழக்கம்தான் தீர்மானிக்கிறது. வழக்கம் இல்லாத இடத்தில் யாருக்கும் கிடைப்பதில்லை.

வெயில் எங்கே, அங்கே

பிற்பகல் இடைவேளையை முதலில் நான்கு மணிக்கு வைத்திருந்தோம். நகரத்து அலுவலகங்களின் பழக்கம் அது. நீலகிரிக்கு அது சரிப்படாது என்று மூன்று நாளில் தெரிந்துவிட்டது. வருடத்தில் பாதி நாள் நான்கு மணிக்கு மஞ்சு இறங்கிவிடும். வெளியே போனால் கை விறைக்கும். மணி அடித்ததும் எழுந்தவர்கள் வராந்தாவில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி நாற்காலிக்கே வந்தார்கள். சமவெளியில் இளைப்பாறுவது என்றால் நிழலுக்குப் போவது. இங்கே இளைப்பாறுவது என்றால் வெயில் காய்வது. அதுவும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலைக்குப் பிறகு, பதினொரு மணி வெயிலில் முதுகைக் காட்டி உட்காருவதற்கு ஈடாக இந்த மலையில் வேறு சுகமே இல்லை. கூடத்துப் பெண்களுக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. நாள் முழுக்கக் குழல் விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள்தான் மறந்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே 2.45. இடம், மேற்கே பார்த்த பழைய ஜீப் கொட்டகையின் முன்புறம். மேலாளர் இரண்டு பெஞ்சு போட்டுத் தந்தார்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாகங்கள் இதில் மூக்கை நுழைப்பது வழக்கம். யோகா வைக்கலாமா, உற்சாகப் பேச்சு வைக்கலாமா என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்லவேளையாக அது நடக்கவில்லை. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. இளம்பெண்களில் ஒருவர் பின்னல் வேலை செய்வார். முன்பணம் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பேசினால் பதில் வராது. தினமும் யாராவது ஒருவர், மூத்த எழுத்தரின் டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட வேண்டும், அவர் அதற்குக் கோபப்பட வேண்டும் என்று ஒரு விளையாட்டு தானாகவே வளர்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ராய், ஒரு தொழிற்சாலை அறையில் தாமே இயந்திரம் ஓட்டிக்கொண்டு கவனித்து, 1950களின் இறுதியில் வெளியிட்ட கட்டுரை நினைவுக்கு வந்தது. அங்கே ஒருவர் தினமும் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் திருடித் தின்பார், அதற்கு 'வாழைப்பழ நேரம்' என்றே பெயர். வேறு பொழுதுகளுக்கும் இப்படிப் பெயர்கள் இருந்தன. சலிப்பூட்டும் நீண்ட நாளை அந்த அற்ப விளையாட்டுகள்தான் துண்டு துண்டாக நறுக்கித் தாங்கக்கூடியதாக ஆக்கின என்பது அவர் கண்டது. யாரும் திட்டமிட்டுக் கொடுக்காததுதான் அவற்றின் பலம். கோத்தகிரி முறுக்குக்கும் அதே பலம் இருந்தது.

பலன் என்று எதைச் சொல்வது

பிழை குறைந்ததா என்பதுதான் நிர்வாகத்தின் ஒரே கேள்வி. திருத்தக் கோரிக்கைகள் குறைந்தன. ஆனால் இதை இடைவேளையின் வெற்றியாக எழுதிக் கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை. அதே காலத்தில் பனியால் இலை வரத்து குறைந்திருந்தது. வரத்து குறைந்தால் சீட்டு குறையும், சீட்டு குறைந்தால் பிழையும் குறையும். மேலும், சேகரிப்பு நிலையங்களில் பெயருக்குப் பதிலாக உறுப்பினர் எண் எழுதச் சொன்ன மாற்றமும் அப்போதுதான் வந்தது. அதன் பங்கு பெரியதாகவே இருக்க வேண்டும்.

உலக அளவிலான சான்றுகளும் இதைவிடத் துணிச்சலாகப் பேசவில்லை. பத்து நிமிடத்துக்கு மிகாத சிறு இடைவேளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022இல் ப்ளோஸ் ஒன் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சுறுசுறுப்பு கூடுகிறது, களைப்பு குறைகிறது என்பதில் அது தெளிவாக இருந்தது. வேலையின் விளைவு கூடுகிறதா என்பதில் அப்படி இல்லை. தலையைக் கசக்கும் வேலைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தேவைப்படலாம் என்றது. இன்னொரு பக்கம், தரவு பதிவேற்றும் அமெரிக்க ஊழியர்களிடம் 2000ஆம் ஆண்டில் வெளியான கள ஆய்வு ஒன்று இருக்கிறது. வழக்கமான இரண்டு இடைவேளைகளோடு, மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் சேர்த்துக் கொடுத்தார்கள். கண் எரிச்சலும் உடல் வலியும் குறைந்தன. வேலை நேரம் குறைந்தும் பதிவின் அளவு குறையவில்லை. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம். 'இடைவேளை கொடுத்தால் உற்பத்தி கூடும்' என்று சொல்லி விற்கிறவர்கள், கூடாத நாளில் இடைவேளையைப் பிடுங்கவும் வழி செய்து கொடுக்கிறார்கள். நஷ்டமில்லாமல் ஐந்து பேரின் கழுத்து வலி குறைகிறது என்றால் அது போதாதா?

அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்த மாற்றம் ஒன்று. மூத்த எழுத்தரின் டீ பத்து நிமிடத்தில் முடிந்தது, சூடாகவே முடிந்தது. மாலைச் சீட்டுகளை அவர் ஒரே மூச்சில் ஏற்றாமல், கட்டுக்குக் கட்டு நிறுத்திக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அவரிடம் காரணம் கேட்டதற்கு, "இப்போது அவசரம் இல்லையே சார்" என்றார். பஸ்ஸின் நேரம் மாறியிருக்கவில்லை.

தீராதவை

கைபேசி தீரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே விவசாயிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் விலை என்ன, பணம் எப்போது என்று கேள்வி வரும். இளம்பெண்கள் இருவரும் பதில் எழுதிக்கொண்டே டீ குடித்தார்கள். அலுவலகத்துக்கென்று தனிக் கைபேசி ஒன்றை வாங்கி, அதைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடானது. பாதி பலன்தான். சொந்த எண் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் ஏற்பாடே ஆட்டம் கண்டது. சீட்டுகள் இரட்டிப்பாக வந்தபோது முதலில் பலியானது 2.45 மணி இடைவேளை. 'இன்றைக்கு மட்டும்' என்று ஆரம்பித்து இரண்டு வாரம் நீண்டது. எந்த மாதத்தில் இடைவேளை மிகவும் தேவையோ அந்த மாதத்தில்தான் அது ஆடம்பரமாகத் தெரிகிறது. வரத்து மிகும் மாதங்களுக்குத் தற்காலிகமாக ஒரு பதிவாளரை எடுத்த பிறகே மணி மறுபடி அடித்தது. ஆள் போடாமல் இடைவேளை கொடுப்பது, எடுத்த நேரத்தை மாலையில் வட்டியோடு திரும்ப வாங்குவதுதான்.

இந்தத் தொழிற்சாலைக்கு இலை பறித்துத் தரும் பெண்களுக்கு இந்த ஏற்பாடு எதையும் நீட்ட முடியவில்லை. விவசாயிகளின் தோட்டங்களில் பலருக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. உட்கார்ந்த பத்து நிமிடம் எத்தனை ரூபாய் என்று அவர்கள் மனத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே குற்றவுணர்வுக்கு மேலாளரும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். எடைத் தராசே போதும். காலை டீ நேரத்துக்கு ஒரு நிலையான தொகையைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கலாமே என்று இரண்டு மூன்று விவசாயிகளிடம் சொல்லிப் பார்த்தேன். இலைக்கு விலை கிடைத்தால் பார்க்கலாம் என்றார்கள்.

எடைக் கொட்டகையில் இளைஞருக்குப் பதிலாக நிற்கும் ஓட்டுநர், அதற்குத் தனிப்படி கேட்டிருக்கிறார். கேட்பது நியாயம்தான், அந்த நேரம் அவருடைய ஓய்வு நேரம். நிர்வாகம் இன்னும் முடிவு சொல்லவில்லை. முடிவு வரும்வரை, அவர் லாரியோடு வெளியே போயிருக்கும் நாட்களில் மேலாளரே தராசின் முன் போய் நிற்கிறார்.